மகளுக்கு முதுகெலும்பு வளைவு 27 டிகிரி: ஆபரேஷன் இல்லாமல் என்ன வழி?

சிப்பூட் அம்மா:

வணக்கம். மகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, ஸ்கோலியோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வருடம்தான் இடைநிலைப்பள்ளியில் பாரம் ஒன்று, இன்னும் 13 முடியவில்லை, வயசுக்கும் வரவில்லை. பரதம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்தான் வலது பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறதே என்று முதலில் கேட்டார். நம் சுங்கை சிப்பூட் கிளினிக்கில் காட்டி, சூராட் (பரிந்துரைக் கடிதம்) வாங்கிக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனோம், நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல்முதுகில் வலப்பக்கமாக 27 டிகிரி, ரிஸ்ஸர் 0 என்று எழுதியிருக்கிறது. பிரேஸ், அதாவது முதுகைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கூடு, போடலாம், சில மாதம் கழித்து மறுபடி படம் எடுப்போம், 45, 50 என்று போனால் அப்போது ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாமியார் தைலம் போட்டு உருவிவிடச் சொல்கிறார். வீட்டுக்காரர் முதுகெலும்பை நெட்டி எடுக்கும் கைரோபிராக்டரிடம் விசாரித்து வந்திருக்கிறார், மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடியாம். சின்னம்மா மகள் யோகா வீடியோவாக அனுப்புகிறாள். நீச்சல் போட்டால் நேராகிவிடும் என்று பக்கத்து வீட்டு டீச்சர். எல்லாவற்றையும் செய்ய பணமும் இல்லை, நேரமும் இல்லை. பிள்ளைக்கு வலி எதுவும் இல்லை, நன்றாக ஓடியாடுகிறாள், அதனால்தான் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைக்க மனசு வரவில்லை. பிள்ளைக்குப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பழைய டிரெசர்:

அம்மா, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். உங்கள் சீட்டில் இருக்கிற இரண்டு எண்தான் எல்லாமே. 27 என்பது கோப் கோணம், வளைவின் மேல் நுனியில் உள்ள எலும்புக்கும் கீழ் நுனியில் உள்ள எலும்புக்கும் கோடு போட்டு அளப்பது. 10க்குக் கீழே இருந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வதில்லை. 10 முதல் 25 வரை பெரும்பாலும் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 25 முதல் 40 வரை, பிள்ளை இன்னும் வளர்கிற வயதாக இருந்தால், பிரேஸ். 45, 50 தாண்டினால்தான் கத்தி.

இரண்டாவது ரிஸ்ஸர். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று 0 முதல் 5 வரை போடுவார்கள். 0 என்றால் பிள்ளை உயரமாக நிறைய மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பெண்பிள்ளைகள் வயசுக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான் சரசரவென்று உயர்வார்கள், வளைவும் அந்த வேகத்தில்தான் கூடும். ஆகவே 27 என்ற எண் 16 வயதுப் பிள்ளைக்கு வேறு, உங்கள் மகளுக்கு வேறு. அவளுக்கு இந்த ஒன்றரை, இரண்டு வருடம்தான் முக்கியம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது காரணம் தெரியாமல் வருகிற வகைதானா என்று. பத்தில் எட்டு அப்படித்தான், ஆனால் பிறவியிலேயே எலும்பு கோணலாக உருவாகியிருந்தாலும், நரம்பு, தசை நோயால் வந்திருந்தாலும் வைத்தியமே வேறு. ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் மரத்துப்போவது, நடை மாறுவது, மூத்திரம் அடக்க முடியாமல் போவது, மேல்முதுகு வளைவு இடப்பக்கமாக இருப்பது, இதில் ஏதாவது இருந்தால் எம்ஆர்ஐ பார்க்காமல் யாரையும் முதுகில் கை வைக்க விடக்கூடாது. உங்கள் மகளுக்கு வலப்பக்கம், வலி இல்லை, அது வரைக்கும் வழக்கமான வகைதான்.

லோரி அண்ணன்:

தங்கச்சி, பயப்படாதே. என் பையனுக்கும் ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி இருந்தது, கோலகங்சார் பக்கம் ஒரு பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) வீட்டுக்கு வாரா வாரம் கூட்டிப்போய் உருவிவிட்டோம், சம்பிராணி போட்ட மாதிரி எல்லாம் அடங்கி இப்போது தோள் இரண்டும் சமம். எக்ஸ்ரேயும் இல்லை, பிரேஸும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்வார்கள், பாட்டி காலத்து வைத்தியத்தை யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை. கைரோபிராக்டர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்களும் இல்லை, இப்போது அவர்களுக்கும் சட்டம் இருக்கிறது.

ஈப்போ பிசியோ:

சட்டம் இருப்பது உண்மைதான் அண்ணே. மலேசியாவின் 2016ஆம் வருடத்துப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்துக்குள் கைரோபிராக்டிக்கும் வருகிறது, இந்திய மருத்துவம், சீன மருத்துவம், மலாய் மருத்துவம் எல்லாம் வருகிறது. எங்களைப் போன்ற பிசியோக்களுக்கு அதே வருடம் வேறு சட்டம் வந்தது. ஆனால் ஒருவர் பதிந்தவரா என்பது ஒரு கேள்வி, அவர் செய்வது 27 டிகிரியை இறக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதுக்கு, எலும்பை நெட்டி எடுப்பதால் வளர்கிற பிள்ளையின் வளைவு குறைகிறது அல்லது நிற்கிறது என்று காட்டுகிற நல்ல ஆய்வு இல்லை. உருவிவிடுவதற்கும் அதே பதில். தசை இளகும், பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், அது பொய் இல்லை. வளைவு தசைப்பிடிப்பால் வந்ததல்ல, எலும்புகள் பக்கவாட்டில் சாய்ந்ததோடு தம்மைத் தாமே திருகிக்கொண்டும் இருக்கின்றன, அதனால்தான் விலா எலும்பு ஒரு பக்கம் பின்னால் தள்ளி, தோள்பட்டை துருத்துகிறது. அந்தத் திருகலை எண்ணெய் தொடாது.

அம்மா, ‘முன்னால் 27, பின்னால் 22’ என்று இரண்டு எக்ஸ்ரேயைச் சுவரில் மாட்டிக் காட்டினால் அசந்துவிடாதீர்கள். அதே படத்தை இரண்டு டாக்டர் அளந்தாலே 5 டிகிரி வரை மாறலாம். நிற்க வைத்து எடுத்ததைவிடப் படுக்க வைத்து எடுத்த படத்தில் வளைவு குறைவாகத் தெரியும். காலையில் எடுத்ததற்கும் சாயங்காலம் எடுத்ததற்கும்கூட வித்தியாசம் உண்டு. எனவே 5க்குக் குறைவான மாற்றத்தைக் கூடியதாகவும் எண்ண வேண்டாம், குறைந்ததாகவும் எண்ண வேண்டாம். கழுத்தில் ‘டக்’ என்று சத்தம் வந்தால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், அது மூட்டுக்குள் இருக்கும் காற்றுக்குமிழிச் சத்தம், அவ்வளவுதான்.

ஆபரேஷன் இல்லாத வழிகளில் பேசத் தகுந்தவை இரண்டு: பிரேஸ், இந்த வளைவுக்கென்றே உள்ள உடற்பயிற்சி. பயிற்சியில் நீங்கள் அதிகம் கேள்விப்படப்போவது ஷ்ரோத். கத்தரீனா ஷ்ரோத் என்ற ஜெர்மன் பெண்மணிக்கே முதுகு வளைவு இருந்தது, கண்ணாடி முன் நின்று, உள்வாங்கிக் கிடக்கும் பக்கத்து விலாவுக்குள் மூச்சை அனுப்பி விரிக்கப் பழகி, 1921இல் மைசன் என்ற ஊரில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இத்தாலியில் சியாஸ் என்று இன்னொரு முறை இருக்கிறது. அடிப்படை ஒன்றுதான்: பிள்ளையின் வளைவு எந்தப் பக்கம், எந்த உயரத்தில் என்று பார்த்து, அதற்கு எதிர்த்திசையில் தன்னைத் தானே நிமிர்த்திப் பிடிக்கக் கற்றுக்கொள்வது. வலப்பக்கம் வளைந்தவளுக்குச் சொன்ன பயிற்சியை இடப்பக்கம் வளைந்தவள் செய்யக்கூடாது. வீடியோ பார்த்துச் செய்வதில் இதுதான் ஆபத்து.

பலன் எவ்வளவு என்றால், கனடாவில் 50 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்போடு ஷ்ரோத்தும் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்கள் பக்கம் சராசரியாக மூன்றரை டிகிரி நல்லது. மேலே அளப்பதிலேயே 5 டிகிரி வரை மாறலாம் என்றேனே, அதையும் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில் ராத்திரி மட்டும் போடும் பிரேஸ் வழக்கமான ஓட்டம், விளையாட்டு போன்ற உடலியக்கத்தைவிட நன்றாகப் பலன் தந்தது, வளைவுக்கென்றே உள்ள பயிற்சி அப்படித் தெளிவான பலன் தரவில்லை. நான் பயிற்சி சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறவள், நானே சொல்கிறேன், 27 டிகிரி, ரிஸ்ஸர் 0 பிள்ளைக்குப் பிரேஸை விட்டுவிட்டு என்னிடம் மட்டும் வந்தால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பிரேஸோடு சேர்த்து வந்தால் சந்தோஷம், முதுகுத் தசை சோர்ந்துபோகாமல் இருக்கும், மூச்சு நன்றாக இருக்கும், பிள்ளைக்கும் தன் உடம்பு தன் கையில் இருக்கிறது என்ற தைரியம் வரும்.

லோரி அண்ணன்:

அப்போது என் பையன் தோள் சமமானது பொய்யா? கண்ணால் பார்த்ததைவிட ஆராய்ச்சிப் பேப்பர் பெரிதா?

பழைய டிரெசர்:

பொய் என்று யாரும் சொல்லவில்லை அண்ணே. ஒரு காரியம் செய்து பாருங்கள். பையனைச் சட்டையில்லாமல் நிற்க வைத்து, கால் இரண்டையும் சேர்த்து, முட்டி மடக்காமல், உள்ளங்கை இரண்டையும் கூப்பியபடி முன்னால் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து முதுகின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பக்க விலா மேடு மாதிரி ஏறி நின்றால் அது திருகிய வளைவு. ஆடம்ஸ் என்ற ஆங்கில டாக்டர் 1865இலேயே சொல்லிவைத்த சோதனை இது, ஒரு காசு செலவில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், ஒரு கால் சற்றுக் குட்டையாக இருந்தோ, ஒரே தோளில் பை மாட்டிப் பழகியோ, நிற்கும் தோரணையில் வந்த சாய்வாக இருக்கலாம். தோரணையால் மட்டும் வந்தது என்றால் உருவிவிட்டாலும் சரியாகும், உருவிவிடாவிட்டாலும் சரியாகும்.

ஆசனம்:

நான் வார இறுதியில் கோவில் மண்டபத்தில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். வசிஷ்டாசனம், அதாவது ஒரு கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பைத் தூக்கிப் பிடிப்பது, அது ஒன்றைச் செய்தே வளைவு குறைந்தது என்று அமெரிக்காவில் ஆய்வு வந்திருக்கிறதே? அதைத்தான் அந்தச் சின்னம்மா மகள் அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஈப்போ பிசியோ:

2014இல் வந்தது. மொத்தம் 25 பேர், 14 வயதுப் பிள்ளையிலிருந்து 85 வயதுப் பாட்டி வரை கலந்தவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஆசனம் செய்யாத கூட்டம் என்று ஒன்று இல்லை. வளர்ச்சி முடிந்தவருக்கும் வளர்கிற பிள்ளைக்கும் வேறு வேறு வியாதி போலத்தான், ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எதுவும் தெரியாது. உங்கள் வகுப்புக்கு அந்தப் பிள்ளை வரட்டும் சார், நல்லதுதான். நீச்சலும் நல்லதுதான். அதைச் செய்தால் பிரேஸ் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பாஜு கூரோங்:

அக்கா, நான் பாரம் ஒன்றிலிருந்து பாரம் நான்கு வரை பிரேஸ் போட்டவள். இப்போது வேலைக்குப் போகிறேன். மற்றவர்கள் டிகிரி சொல்லிவிட்டார்கள், நான் பிள்ளை பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் போடப்போவது அவள்தான்.

முதலில் சூடு. நம் ஊர் வெயிலில் கடினப் பிளாஸ்டிக்கை அக்குளுக்குக் கீழேயிருந்து இடுப்பு வரை கட்டிக்கொண்டு, அதுவும் மின்விசிறி ஓடாத வகுப்பில் உட்கார்ந்தால் முதல் மாதம் அழுகை வரும், வரத்தான் செய்யும், அதட்டாதீர்கள். உள்ளே போட, பக்கத்தில் தையல் இல்லாத, உடம்போடு ஒட்டிய பருத்தி பனியன் வேண்டும், தொளதொள பனியன் வேண்டாம், சுருக்கம் விழுந்த இடத்தில் தோல் புண்ணாகும். வியர்த்தால் மாற்ற ஒன்று பையில் வையுங்கள். பிரேஸுக்கு உள்ளே பவுடர் பூசுவது, வாசனை எண்ணெய் தடவுவது, ‘தோல் காய்கிறதே’ என்று லோஷன் போடுவது, இதெல்லாம் பாட்டிகள் அன்பினால் செய்வது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தோல் மெத்தென்று ஆகிவிட்டால் கிழியும். கழற்றியதும் சிவப்பாக இருக்கும், அரை மணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை, மறையாத இடத்தையும் கொப்புளத்தையும் பிரேஸ் செய்தவரிடம் காட்டி சீவிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். முதல் நாளே முழு நேரம் போட வைக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டித்தான் அவர்களே சொல்வார்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூடம். என் பெயரைப் பாருங்கள். பினாஃபோர் வேண்டாம், பாஜு கூரோங், அதாவது தொளதொளவென்ற நீள மலாய் உடை, தைத்துக்கொடுங்கள், ஒரு சைஸ் பெரிதாக. உள்ளே இருப்பது வெளியே தெரியவே தெரியாது, என் வகுப்பில் பாதிப் பேருக்கு பாரம் மூன்று வரை தெரியாது. தெரிந்தபோது ஒருத்தி தட்டிப்பார்த்து ‘கதவு மாதிரி இருக்கிறது’ என்றாள், நானும் சிரித்தேன். பிஜே (உடற்கல்வி) டீச்சருக்கும் வகுப்பு டீச்சருக்கும் டாக்டர் கடிதம் கொடுத்துவையுங்கள், பிஜே நேரத்தில் கழற்றி வைக்க ஒரு இடம் வேண்டும், கழிப்பறையில் நின்றபடி ஒண்டியாக மாட்டிக்கொள்ள முடியாது, பின்னால் பட்டி இழுக்க ஒரு தோழி வேண்டும். இதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

மூன்றாவது, சாப்பாடு. இறுக்கமாக இருப்பதால் வயிறு நிறையச் சாப்பிட முடியாது, கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். என்னை எல்லாரும் ‘மெலிந்துவிட்டாள் பாவம்’ என்று என் முன்னாலேயே பேசினார்கள், அதுதான் பிரேஸைவிட வலித்தது.

எனக்கு 31இல் போட்டார்கள், வளர்ச்சி முடிந்தபோது 33. குறையவில்லையே என்று அப்பாவுக்கு வருத்தம். பிரேஸ் வளைவைச் சரிசெய்ய அல்ல, வளைவு மேலே போகாமல் பிடித்துவைக்க என்று முதல் நாளே யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த வருத்தம் வந்திருக்காது. உங்கள் வீட்டுக்காரருக்கு இதை இப்போதே சொல்லிவிடுங்கள் அக்கா.

சிப்பூட் அம்மா:

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு மகளிடமும் காட்டினேன், கதவு மாதிரி என்ற இடத்தில் சிரித்தாள். ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போட வேண்டும்? டாக்டர் 18 என்றார், மகள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம், வீட்டில் மட்டும் போடுகிறேன் என்கிறாள். ராத்திரி மட்டும் போட்டால் போதாதா? அடுத்தது பணம். விலையைக் கேட்டால் சில ஆயிரம் வெள்ளி, வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் வேலை, நான் பகுதி நேரம் தையல். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டுமாம் வேறு.

ஈப்போ பிசியோ:

மணிக்கணக்குக்கு நல்ல பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்து 25 ஆஸ்பத்திரிகளில் 10 முதல் 15 வயது வரை, 20 முதல் 40 டிகிரி வரை உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஒரு கூட்டத்துக்குப் பிரேஸ், இன்னொரு கூட்டத்தைச் சும்மா கவனிப்பது என்று செய்தார்கள். பிரேஸுக்குள் சூட்டை அறியும் சின்னக் கருவி வைத்து, உண்மையில் எத்தனை மணி போட்டார்கள் என்று கணக்கெடுத்தார்கள், பிள்ளைகள் சொன்ன கணக்கை நம்பவில்லை. வளர்ச்சி முடிவதற்குள் 50ஐத் தொடாமல் தப்பியவர்கள் பிரேஸ் பக்கம் 72 விழுக்காடு, சும்மா கவனித்த பக்கம் 48 விழுக்காடு. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள், 2013இல் வெளியானது. அவர்களுக்குச் சொன்னதும் நாளைக்கு 18 மணிதான். சராசரியாக ஏறக்குறைய 13 மணிக்கு மேல் உண்மையாகவே போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள். 6 மணிக்கும் குறைவாகப் போட்டவர்கள், போடாதவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை.

மகளோடு பேரம் பேச இது போதும். சாயங்காலம் நான்கு மணிக்கு மாட்டி காலை ஆறுக்குக் கழற்றினால் 14 மணி வருகிறது, குளியலும் விளையாட்டும் கழித்தால் கொஞ்சம் குறையும். டாக்டர் கண் முன்னால் இதைப் பேசி முடிவு செய்யுங்கள், வீட்டிலேயே நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். ராத்திரி மட்டும் போடும் பிரேஸ் வேறு வடிவம், உடம்பை எதிர்ப்பக்கம் நன்றாகவே வளைத்துப் பிடிக்கும், அதைப் போட்டு நடமாட முடியாது. பகல் பிரேஸை ராத்திரி மட்டும் போடுவதும் அதுவும் ஒன்றல்ல. ஸ்வீடன்காரர்கள் பார்த்தது அந்த ராத்திரி வகையைத்தான், உங்கள் ஆஸ்பத்திரியில் அது செய்வார்களா, மகளின் வளைவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம், லோரி அண்ணனுக்காக. ஒன்றுமே செய்யாதவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 50ஐத் தொடவில்லை. அந்தப் பாதிப் பேரில் ஒருவர் உருவிவிடப் போயிருந்தால் உருவியதால் நின்றது என்பார், கைரோபிராக்டரிடம் போனவர் அவருக்கு மாலை போடுவார், நீச்சல் போனவர் நீச்சல் என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. பலிக்காத மறுபாதிப் பேர் இங்கே வந்து எழுதுவதும் இல்லை.

கூலிம் அப்பா:

பணத்துக்கு நான் சொல்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் சமூகநல அதிகாரிகள் இருப்பார்கள், கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று போர்டு இருக்கும், ஆர்த்தோ டாக்டரிடம் அங்கே ஒரு சூராட் கேளுங்கள். சம்பளச் சீட்டு, பிள்ளைகள் எத்தனை பேர், வாடகை, கரண்டு பில் எல்லாம் கேட்பார்கள், மனம் கோணாமல் கொடுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் வழியாகத்தான் விண்ணப்பம் போகும், கருவிகளுக்கும் அதில் உதவி உண்டு. நாங்கள் மகளுக்குப் பாதிக்கு மேல் அப்படித்தான் வாங்கினோம். கிளினிக்கில் ஒரு வெள்ளி, ஸ்பெஷலிஸ்டுக்கு ஐந்து வெள்ளி கட்டிக்கொண்டிருக்கிற நாம் வெளியே போய் பேக்கேஜ் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எல்லாரும் ஆபரேஷனைப் பேய் மாதிரி பேசுகிறீர்கள். என் மகள் பிரேஸை ஒழுங்காகத்தான் போட்டாள், இருந்தும் 52க்குப் போய்விட்டது. 50 தாண்டினால் வளர்ச்சி நின்ற பிறகும் வருடத்துக்கு ஒரு டிகிரி அளவில் கூடிக்கொண்டே போகலாம் என்று சொன்னார்கள், கோலாலம்பூரில் செய்தோம். கம்பியும் ஸ்குரூவும் வைத்து எலும்புகளைச் சேர்த்து ஒட்ட வைப்பது. முதல் வாரம் பார்க்க முடியாத வலி, பொய் சொல்ல மாட்டேன். இப்போது யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், நடுமுதுகு வளையாது, குனிந்தால் இடுப்பிலிருந்து குனிவாள், அவ்வளவுதான். நாங்கள் பட்ட பெரிய வேதனை ஆபரேஷன் இல்லை, பிரேஸ் தோற்றதும் சொந்தக்காரர்கள் ‘நீ ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டாய்’ என்று பிள்ளையைச் சொன்னது. ஒழுங்காகப் போட்டும் பத்தில் ஒருவருக்குப் போகும் என்று மேலே பிசியோ எழுதியிருக்கிறாரே, அதை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசனம்:

உசேன் போல்ட்டுக்கும் இந்த வளைவு உண்டு, அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளையிடம் சொல்லுங்கள் அம்மா.

லோரி அண்ணன்:

குனிய வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கிறது. அப்போது பாக் சிக் ஜெயித்தார்தானே?

பழைய டிரெசர்:

ஜெயிக்க எதிராளி இருந்தாரா என்பதுதான் தெரியவில்லை அண்ணே. எக்ஸ்ரே எடுத்திருந்தால் சொல்லலாம். பையன் நன்றாக இருக்கிறான், அது போதும். வளரும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் குனிய வைத்துப் பாருங்கள், தங்கைகள் இருந்தால் அவர்களையும். குடும்பத்தில் வருவதுண்டு, பெரிய வளைவுகள் பெண்பிள்ளைகளுக்குத்தான் பல மடங்கு அதிகம்.

சிப்பூட் அம்மா, உங்களுக்கும் அதேதான், இளையவள் இருந்தால் பாருங்கள். அப்புறம் எக்ஸ்ரே விஷயம். சில மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால் பயப்படுகிறவர்கள் உண்டு, பின்னாலிருந்து முன்னாக எடுக்கச் சொன்னால் மார்புப் பகுதிக்குப் போகும் கதிர் குறையும், பெரும்பாலும் அப்படித்தான் எடுப்பார்கள், இருந்தாலும் கேட்கலாம், தப்பில்லை. எல்லாப் படமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி நிற்க வைத்து எடுப்பது நல்லது.

சிப்பூட் அம்மா:

இளையவளையும் குனிய வைத்துப் பார்த்தேன், சமமாக இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இழை முழுவதையும் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். கைரோபிராக்டர் பணத்தைப் பிரேஸுக்கு வைப்போம் என்று முடிவு, சமூகநல அதிகாரிக்குச் சூராட் கேட்கிறோம், பயிற்சிக்கு மாதம் ஒருமுறையாவது ஈப்போ வருவோம். மாமியார் உருவிவிடுவது மட்டும் நிற்கவில்லை, கால் கை மட்டும் உருவுங்கள், முதுகு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், சரி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை அளவெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மகள் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று பாக்கி: பரதத்தை விட வேண்டுமா? நவராத்திரிக்குக் கோவிலில் ஆட வேண்டும் என்கிறாள்.

பாஜு கூரோங்:

விட வேண்டாம் அக்கா, டாக்டரும் பெரும்பாலும் ஆடச் சொல்லித்தான் சொல்வார். வகுப்பு நேரத்துக்குக் கழற்றிவிட்டு ஆடட்டும், வீட்டுக்கு வந்து குளித்ததும் மாட்டிக்கொள்ளட்டும், அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை வேறு எங்காவது ஈடுகட்டிக்கொள்ளலாம். அளவெடுக்கப் போகும்போது ஒட்டிய பனியன் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், தலைமுடியை மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள்.

ஈப்போ பிசியோ:

பிரேஸ் கையில் வந்து சில வாரம் கழித்து, அதைப் போட்டபடியே ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள், எடுக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். 27 அதற்குள் பாதி அளவுக்கு இறங்கியிருந்தால் பிரேஸ் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம், கொஞ்சமும் இறங்காவிட்டால் பிரேஸுக்குள் இருக்கும் மெத்தையைத் திருத்தச் சொல்ல வேண்டும், பிள்ளை எத்தனை மணி போட்டாலும் பிடிக்காத பிரேஸால் பலன் இல்லை. அந்த எண் என்ன என்று இங்கே எழுதுங்கள்.

சிப்பூட் அம்மா:

எழுதுகிறேன். நீளமான ஒட்டுப் பனியன் சிப்பூட் பாசாரில் கிடைக்கவில்லை, நானே தைத்துவிடுகிறேன், பக்கத்தில் தையல் வராமல் எப்படி என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாஜு கூரோங்:

தையலை வெளிப்பக்கம் வையுங்கள் அக்கா, திருப்பிப் போட்ட மாதிரி. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.